சீலியாக் பிள்ளை வீட்டில் நாங்கள் செய்த தவறுகள்

என் அக்கா மகனுக்கு ஆறு வயது நடந்தபோதும் நாலு வயதுச் சட்டைதான் சரியாக இருந்தது. வயிறு மட்டும் பானைபோல். மயிலாடுதுறையில் எங்கள் தெருவே ஒரே தீர்ப்பு சொன்னது: "எதிர்ப்பு சக்தி இல்லாத புள்ள." பூச்சி மருந்து கொடுத்தோம், இரும்புச்சத்து டானிக் கொடுத்தோம். சக்தி ஏறட்டும் என்று தினமும் ஒரு டம்ளர் மால்ட் பானம் வேறு. அதில் இருந்தது கோதுமையும் முளைகட்டிய பார்லியும்!

முதல் தவறே அந்தத் தீர்ப்புதான். அவனுக்கு இருந்தது சீலியாக்: கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டனைக் கண்டு, உடலின் எதிர்ப்புச் செல்களே சொந்தக் குடலைத் தாக்கும் நோய். இந்தப் பிள்ளைகளின் குடலில் எதிர்ப்புச் செல்களுக்குப் பஞ்சமே இல்லை. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் புரதம் முழுசாகச் செரிக்காமல் துண்டு துண்டாகச் சிறுகுடலுக்கு வருகிறது. குடல் திசுவில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அந்தத் துண்டைச் சற்று மாற்றிவிடும். டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலரிடம், மாறிய துண்டு டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களின் கண்ணில் எதிரியாகப் படுகிறது. அவை ஊரைக் கூட்டிவிடுகின்றன. குடலின் மேல்படலத்துக்குள்ளேயே குடியிருக்கும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் பெருகி, பக்கத்துக் குடல் செல்களையே கொல்கின்றன. நாற்றுபோல நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் அறுத்த வயலின் தாள்போல ஆகிவிடும். பிள்ளை சாப்பிடத்தான் செய்கிறான், சத்து கடைமடைக்குப் போய்ச் சேர்வதில்லை.

அடுத்தது, நாங்கள் மிகவும் வருந்திய தவறு. யாரோ சொன்னார்கள் என்று அக்கா இரண்டு மாதம் கோதுமையை நிறுத்திவிட்டு, அதன் பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். முடிவு 'நார்மல்'. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பரிசோதனை தேடுவது டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளை. குளூட்டன் வராவிட்டால் அது மெல்ல இறங்கிவிடும். கடைசியில் பிள்ளைக்கு வாரக்கணக்கில் மறுபடி சப்பாத்தி கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. மொத்த ஐஜிஏ அளவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு, அவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொய் சொல்லும்.

குடல் திசுவை எடுத்துப் பார்க்கும்போது நூறு மேல்படலச் செல்லுக்கு 25 லிம்போசைட்டுக்கு மேல் இருந்தால் கூடுதல் என்பார்கள். அந்த ஒரு வரியை வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது. ஜியார்டியா கிருமி இருந்தாலும் அந்த எண்ணிக்கை ஏறலாம்.

"இட்லி சாப்பிடுற ஊர்ல இது வராது" என்று ஒரு டாக்டரே சொன்னார். பாதி உண்மை. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் வட இந்தியப் பகுதியில் 1.23 சதவீதம் பேருக்குச் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது, தெற்கில் 0.10 தான். மரபணுவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தட்டில்தான்: அங்கே ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். ஆனால் தாத்தாவுக்குச் சர்க்கரை என்று வீடே ராத்திரி சப்பாத்திக்கு மாறிய பிறகு, அந்த 25 கிராம் எந்த வீட்டுக் கணக்கு?

அப்புறம் 'கொஞ்சூண்டு' என்ற சொல். குளூட்டனை அடையாளம் கண்ட டி செல்கள் அதை மறப்பதில்லை. நினைவுச் செல்களாக வருடக்கணக்கில் கிடக்கின்றன. காமா டெல்டா என்ற வகை லிம்போசைட்டுகள், குடல் ஆறிய பிறகும் கூடுதலாகவே இருக்கும். அதனால் பிள்ளை தேறிவிட்டான் என்று ஒரு வாய் ஊட்டுவது அவற்றைத் தட்டி எழுப்புகிற வேலை. குளூட்டன் இல்லாதது என்று விற்கும் பொருளிலேயே கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

பரோட்டா, ரவா, சேமியா என்று தெரிந்ததைத் தவிர்ப்பது சுலபம். எங்களை ஏமாற்றியது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கும், ஆக சாம்பார், ரசம், புளியோதரை எல்லாமே சந்தேகம். திருவையாற்று அசோகா பாசிப்பருப்பு அல்வாதானே என்று கொடுத்தோம், அதிலும் கோதுமை மாவு சேரும். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கோதுமை அரைத்த கையோடு அதே மில்லில் அரைத்தால் என்ன பயன்? நாங்கள் இப்போது வீட்டு மிக்சியில்தான் அரைக்கிறோம். வேளாங்கண்ணிப் பக்கத்து வீடுகளில் புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்கத் தயாராகும் பிள்ளை இருந்தால் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தைத் திருச்சபை அனுமதிக்கிறது.

கடைசியாக, கூடப் பிறந்தவர்களை மறந்துவிடுவது. அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலேயே குடல் தேய்ந்திருக்கலாம். அக்கா மகளுக்கும் பரிசோதனை செய்தோம், இப்போதைக்கு ஒன்றுமில்லை. மரபணு இருப்பதால் அவ்வப்போது திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவள் சப்பாத்திக்குத் தனிக் கல், தனிக் கரண்டி.