வகுப்புக்குப் பணம் கட்டும் முன் ஒரு தாள் எடுங்கள்

கிட்டார், ஓவியம், பேக்கிங் என்று எந்த வகுப்பிலும் பணம் கட்டிச் சேரும் முன், 8 முதல் 12 வயதுக்குள் யாரும் சொல்லாமலே நீங்கள் மணிக்கணக்கில் ஆசையாகச் செய்த மூன்று காரியங்களை எழுதுங்கள். பொருளை எழுதாமல் செயலை எழுத வேண்டும், சூட்சுமமே அதுதான். 'தீப்பெட்டிப் படம்' என்று எழுதினால் ஒன்றும் பிடிபடாது. 'தேடினேன், வகை பிரித்தேன், பேரம் பேசி மாற்றிக்கொண்டேன்' என்று எழுதிப் பாருங்கள். பல்லாங்குழி என்றால், பிடித்தது கணக்கா, ஜெயிப்பதா, பாட்டியோடு பேசிக்கொண்டிருந்ததா? அந்தச் செயலை வீட்டில் இருப்பதை வைத்தே இரண்டு வாரம் செய்யுங்கள். அலுக்கவில்லையா, சரி, அப்புறம் பணம் கட்டலாம்.

மதிப்பெண்ணோ சம்பளமோ இல்லாமல் செய்தது என்பதால், அந்த ஆசை பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும். ஊரார் சேருகிறார்களே என்று சேர்ந்த வகுப்புதான் பாதியில் நிற்கிறது (வாங்கிய கிட்டார் பரணுக்குப் போகிறது). எதுவும் ஞாபகம் வராவிட்டால் பழைய வாசனை ஒன்றைத் தேடுங்கள், மெழுகு கிரேயானோ புதுப் புத்தகமோ. மணத்தை உணரும் நரம்புக்கு மூளையின் நினைவுப் பகுதியோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

பிழைப்புக்காகப் படிக்கும் படிப்புக்கு இது உதவாது; அங்கே வேலைவாய்ப்பைத்தான் பார்க்க வேண்டும். சிறுவயதை நினைத்தாலே மனம் கனக்கிறவர்கள் வலிந்து தோண்ட வேண்டாம், கடந்த ஓராண்டில் நேரம் போனதே தெரியாமல் செய்த காரியங்களை எழுதினால் போதும்.