முகம் சிரிக்காத காதல் படத்தை எப்படிப் பார்ப்பது

அமெரிக்க இயக்குநர் ஹால் ஹார்ட்லி 1990-இல் எடுத்த ‘டிரஸ்ட்’ படத்தை முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். நடிகர்கள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள் என்று பட்டது. மறுபடி பார்த்தபோதுதான் பிடிபட்டது.

இந்த மாதிரிப் படங்களில் எங்கே சிரிக்க வேண்டும் என்று நடிகரின் முகம் காட்டிக்கொடுக்காது. அதனால் முகத்தை விட்டுவிட்டு வசனத்தின் தாளத்தைக் கேளுங்கள். போனைத் தள்ளி வைத்துவிடுங்கள். ஒரு வரி தவறினாலும் அடுத்த வரியின் சுவை போய்விடும்.

‘டிரஸ்ட்’ தொடக்கத்திலேயே நாயகி மரியா, தான் கர்ப்பமாக இருப்பதை வீட்டில் சொல்கிறாள். வாக்குவாதம் முற்றி அப்பாவை அறைகிறாள். அவள் வெளியேறியதும் அவர் சுருண்டு விழுந்து இறந்துபோகிறார். சிரிப்பும் பதற்றமும் சேர்ந்து வரும். எதையும் அடக்காதீர்கள், இரண்டும் வரட்டும். அந்தக் குழப்பத்தில்தான் இந்தப் பிள்ளைகள் தினமும் வாழ்கிறார்கள்.

பிறகு உடம்புகளைக் கவனியுங்கள். நாயகன் மேத்யூ ஒரு கையெறிகுண்டைக் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறான். அவனுடைய கோபத்தைப் பற்றி அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. உயரத்திலிருந்து மரியா முதுகுப்பக்கமாகச் சாய்ந்து விழ, அவன் பிடிக்கிறானே, எனக்கு அதுதான் காதல் காட்சி. முத்தங்களை எல்லாம் மறந்துவிட்டேன். அந்த இடத்தை மட்டும் பின்னால் ஓட்டி மூன்று தடவை பார்த்தேன்.