'ரன்' என்ற ஒரு சொல்லைப் பழக்கிக்கொள்வது எப்படி

என் முதல் கிராணி வேலை 1994இல், கோலாலம்பூரில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில். சேர்ந்து இரண்டாவது வாரம், மேலாளர் ஒரு விலைப்பட்டியலை என் மேசையில் வைத்து "ரன் திஸ் பை அக்கவுண்ட்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். 'ரன்' புரிந்தது, 'அக்கவுண்ட்ஸ்' புரிந்தது. அவசரம் போலிருக்கிறது என்று இரண்டு மாடி இறங்கி ஓடி, கணக்குப் பிரிவு மேசையில் தாளை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அங்கே இருந்தவர் சரிபார்த்து வந்த தாள் என்று நினைத்து முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். தொகை தவறு. ஏச்சு எனக்கு.

'ரன் பை' என்றால் ஒருவரிடம் காட்டி அவர் கருத்தைக் கேட்பது. அது எனக்குத் தெரியாது. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, ஓராண்டு புகுமுக வகுப்பு, பிறகு ஐந்தாம் படிவம் வரை படித்தவள்தான் நான். ஏழு வயதிலேயே 'ரன்' என்றால் 'ஓடு' என்று எழுதிப் படித்தாயிற்று. தெரிந்த சொல்லை யார் அகராதியில் தேடுவார்கள்? பெரிய பெரிய சொற்கள் வந்தால் நின்று பார்ப்போம். சின்னச் சொல் வந்தால் தாண்டிப் போய்விடுவோம். நம்மவர்கள் ஆங்கிலத்தில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இப்போது செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் கீழே சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தாய்மார்கள், பள்ளி வேன் ஓட்டும் ஓர் அண்ணன், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு தங்கை. முதல் பாடம் எப்போதும் 'ரன்'.

சொல்லின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுடையது. பிறகு அகராதியைப் புதுப்பித்தபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லை ஆராய்ந்து எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆனது. பயப்பட வேண்டாம். அவற்றில் பெரும் பங்கு ஏற்கெனவே உங்கள் வாயில் தமிழாக இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இரண்டு வெள்ளி நோட்டு போதும். மூன்று பக்கங்களை ஒதுக்குங்கள்.

முதல் பக்கத்தின் தலைப்பு 'ஓடும்'. தமிழில் காலால் மட்டுமா ஓடுகிறோம்? பஸ் ஓடுகிறது, இன்ஜின் ஓடுகிறது, படம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. நீரோட்டம், இரத்த ஓட்டம், எண்ண ஓட்டம் எல்லாம் உண்டு. ஆங்கிலமும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூல வடிவத்துக்கு நீர் ஒழுகுவதும் பொருள்தான். அதன் உறவான ஜெர்மன் சொல் இன்றைக்கும் ஒழுகுவதைத்தான் குறிக்கிறது. ஆகவே மனத்தில் வைக்க வேண்டிய படம் பந்தயத்தில் ஓடும் ஆள் இல்லை, ஆறு. நிற்காமல் ஒரு தடத்தில் போய்க்கொண்டிருப்பது. மஸ்ஜித் ஜாமேக் பக்கம் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தை எட்டிப் பாருங்கள், அந்தப் படம் மறக்காது.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் 'ரன்ஸ்'. குழாய்த் தண்ணீர் 'ரன்ஸ்'. சளி பிடித்தால் மூக்கு 'ரன்ஸ்'. புதுச் சேலையை மற்ற துணிகளோடு ஊறவைத்தால் சாயம் 'ரன்ஸ்'. வேலை ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு 'ரன்ஸ்'. வயிறு கெட்டால் பேச்சு வழக்கில் 'தி ரன்ஸ்' என்பார்கள், நாம் வயிற்றோட்டம் என்கிறோம். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

ஒன்று மட்டும் கொஞ்சம் விலகும். அசையாத சாலையையும் ஆங்கிலம் ஓட வைக்கும். ஃபெடரல் நெடுஞ்சாலை கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு 'ரன்ஸ்'. நாம் சாலை 'போகிறது' என்போம். இப்படித் தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடங்களை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். ஒத்துப்போவதைப் படிக்க நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாம் பக்கத்தின் தலைப்பு 'நடத்தும்'. எனக்கு ஆக விருப்பமான பக்கம் இது. தமிழில் கடை நடத்துகிறோம், பள்ளி நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம். 'நடத்து' என்பது 'நட' என்பதிலிருந்து வந்தது. தொழிலை நாம் நடக்க வைக்கிறோம். மலாய்க்காரர்களும் அப்படியே. சாலைப் பலகைகளில் எல்லாம் 'ஜாலான்' என்று இருக்கிறதே, அது சாலைக்கும் பெயர், நடப்பதற்கும் சொல். அதிலிருந்துதான் 'மெஞ்ஜாலாங்கான்', அதாவது நடத்துவது. கடிகாரம் ஓடாவிட்டால்கூட மலாயில் 'தாக் ஜாலான்', அதாவது நடக்கவில்லை. ஆங்கிலம் மட்டும் தொழிலை ஓட வைக்கிறது. 'ஷி ரன்ஸ் எ நர்சரி' என்றால் அவர் பாலர் பள்ளி நடத்துகிறார். இரண்டு மொழிகளில் நடத்திப் பழகிய நமக்கு இங்கே ஆங்கிலத்தின் ஓட்டம் சட்டென்று வராது. 'ஐ மேனேஜ்', 'ஐ டூ பிசினஸ்' என்று சுற்றி வளைப்போம். நேர்முகத் தேர்வில் "ஐ ரேன் தி கேன்டீன் ஃபார் ஃபோர் இயர்ஸ்" என்று ஒருவர் சொன்னால் அந்தச் சின்னச் சொல்லிலேயே பொறுப்பு முழுவதும் தெரிந்துவிடும்.

இந்தப் பக்கத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. 'ரன்' என்ற சொல்லுக்குப் பின்னால் உடனே ஒரு பொருளின் பெயர் வந்தால், யாரோ எதையோ இயக்குகிறார் அல்லது நடத்துகிறார். மருத்துவமனையில் 'வி வில் ரன் சம் டெஸ்ட்ஸ்' என்றால் பரிசோதனைகள் செய்யப்போகிறார்கள். விதிவிலக்கு கொஞ்சம் இருக்கிறது. 'ரன் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது, 'ரன் எ ரெட் லைட்' என்றால் சிவப்பு விளக்கில் நிற்காமல் போவது. இவற்றை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், வேறு வழியில்லை.

மூன்றாம் பக்கம் 'வால்'. எங்கள் வகுப்பில் நாங்கள் வைத்த பெயர். 'ரன்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அவுட், இன்டு, ஓவர், பை போன்ற சின்னச் சொற்கள். வால் மாறினால் விலங்கே மாறிவிடும். இந்தப் பக்கத்துக்கு அவசரம் வேண்டாம், வாரத்துக்கு ஒரு வால் போதும்.

'ரன் அவுட்' முதலில். கிரிக்கெட் பார்ப்பவர்கள் விக்கெட்டை நினைப்பார்கள், அதை ஒதுக்கி வையுங்கள். தீர்ந்துபோவதுதான் அன்றாடப் பொருள். இதில் யார் எழுவாய் என்று கவனிக்க வேண்டும். பால் எழுவாயானால் 'தி மில்க் ஹேஸ் ரன் அவுட்'. நாம் எழுவாயானால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்'. அந்த 'ஆஃப்' விட்டுப்போவது இங்கே ஆகப் பரவலான பிழை. 'வி ரன் அவுட் மில்க்' என்று ஒட்டுக்கடையிலும் கேட்பேன், அலுவலகக் கடிதத்திலும் பார்ப்பேன். தீரவில்லை, குறைந்துகொண்டு வருகிறது என்றால் 'ரன்னிங் லோ ஆன்'.

அடுத்து 'ரன் இன்டு', 'ரன் ஓவர்'. இவை இரண்டையும் தயவுசெய்து தனித்தனி நாளில் படியுங்கள். 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது அல்லது மோதுவது. சௌகிட் சந்தையில் மாமாவை 'ரன் இன்டு' பண்ணலாம், சுவரில் வண்டியையும் 'ரன் இன்டு' பண்ணலாம். 'ரன் ஓவர்' என்றால் மேலே ஏற்றிவிடுவது. நம் வகுப்பு வேன் அண்ணன் கோம்பாக்கில் ஒரு சந்திப்பில் மோட்டார்சைக்கிளின் பின்பக்கத்தை லேசாக இடித்துவிட்டார். யாருக்கும் காயம் இல்லை. காப்புறுதிக் கடிதத்தில் 'ஐ ரேன் ஓவர் எ மோட்டார்சைக்கிள்' என்று எழுதினார். அவர்கள் பதறிப்போய் ஓட்டியவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று கேட்டார்கள். விளக்கம் சொல்லி முடிக்கவே இரண்டு வாரம் ஆகிவிட்டது. இடித்துவிட்டு நிற்காமல் போவது 'ஹிட் அண்ட் ரன்'. மலாயிலும் 'லங்கார் லாரி', அதே இடித்து ஓடுவது. அது மட்டும் மூன்று மொழியிலும் ஓட்டம்தான்.

'ரன் இன் தி ஃபேமிலி' என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. வகுப்புக்கு வரும் ஓர் அக்காவிடம் ஒரு கிளினிக்கில் "டஸ் டயபெட்டிஸ் ரன் இன் யுவர் ஃபேமிலி?" என்று கேட்டிருக்கிறார்கள். 'டயபெட்டிஸ்' என்ற சொல் அவர் காதில் விழவில்லை. ஃபேமிலி, ரன் இரண்டும் விழுந்தன. குடும்பத்தில் யாராவது ஓடிப்போனார்களா என்று கேட்கிறார்கள் போல என்று நினைத்து, முகம் சிவந்து, "நோ, நோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். தமிழில் 'ஓடிப்போவது' என்றால் வேறு பொருள்தானே. ஆனால் அவருடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சர்க்கரை நோய். கோப்பில் 'இல்லை' என்று பதிவாகிவிட்டது. அடுத்த வாரம் நானும் கூடப் போய்த் திருத்தினோம். பரம்பரையாக வருகிறதா என்பதுதான் கேள்வி. இரத்த அழுத்தம், இதயநோய் எதுவானாலும் இதே வாக்கியத்தில்தான் கேட்பார்கள்.

'ரன் ஃபார்' என்றால் தேர்தலில் போட்டியிடுவது. அமெரிக்கர்கள் அப்படிச் சொல்வார்கள், பிரிட்டிஷ்காரர்கள் அதே வேலைக்கு 'ஸ்டாண்ட் ஃபார்' என்பார்கள். ஒரு நாட்டில் ஓடுகிறார்கள், இன்னொரு நாட்டில் நிற்கிறார்கள். நாமும் தேர்தலில் 'நிற்கிறார்' என்றுதான் சொல்கிறோம்.

இறந்தகாலம் பற்றி இரண்டே வரி. நேற்று ஓடியது 'ரேன்'. ஹேஸ், ஹேவ், ஹேட் முன்னால் வந்தால் மறுபடியும் 'ரன்'. 'ரன்ட்' என்று ஒன்று கிடையாது.

அப்புறம், நம் ஊருக்கென்றே சில 'ரன்' உண்டு. வரிசை எண்ணை இங்கே 'ரன்னிங் நம்பர்' என்போம், வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது 'சீரியல் நம்பர்' என்று போடுங்கள். மூக்கு ஒழுகினால் 'ரன்னிங் நோஸ்' என்று சொல்லிப் பழகிவிட்டோம், புத்தக ஆங்கிலத்தில் 'ரன்னி நோஸ்'. சாலை வரி, வாகனப் பதிவு போன்ற காரியங்களுக்காக நமக்குப் பதிலாக அலைந்து முடித்துத் தருபவர் 'ரன்னர்'. இவற்றைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊரில் எல்லாருக்கும் புரிகிறது, நானும் சொல்கிறேன். எங்கே எதைச் சொல்வது என்று தெரிந்தால் சரி.

அகராதி வாங்குவதாக இருந்தால் படிப்போருக்கென்று செய்த ஆங்கில அகராதியாக வாங்குங்கள். தமிழ்ப் பொருள் மட்டும் வரிசையாகப் போட்ட சின்ன அகராதி 'ரன்' போன்ற சொல்லுக்கு உதவாது. வாக்கியம் வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பவர் தொகுத்த அகராதியை 1948இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. வேற்று மொழிக்காரர் எங்கே தடுமாறுவார் என்று வகுப்பறையில் பார்த்தவர் செய்தது. அதன் புதிய பதிப்புகள் இன்னும் வருகின்றன. பழைய பதிப்பு கிடைத்தாலும் போதும், 'ரன்' மாறிவிடாது.

மூன்று பக்கமும் ஓரளவு நிரம்பியதும், உங்கள் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள். புத்தகத்து ஜானும் மேரியும் வேண்டாம். அந்த அக்கா போன மாதம் எழுதி வந்ததை அவர் அனுமதியோடு தருகிறேன்.

"தி டாப் ரேன் ட்ரை ஆன் டியூஸ்டே. வி ரேன் அவுட் ஆஃப் ரைஸ். மை சன் ரன்ஸ் எ கார் வாஷ். ஐ ரேன் இன்டு மை ஓல்ட் டீச்சர் இன் பிரிக்பீல்ட்ஸ். டயபெட்டிஸ் ரன் இன் மை ஃபேமிலி."

கடைசி வாக்கியத்தில் மட்டும் ஓர் 'ஸ்' சேர்த்தேன்.