லேத்தில் முதல் பேனா கடைய

முதல் பேனாவுக்கு 7 மி.மீ. பித்தளைக் குழாய்கள் இரண்டு வரும் ஸ்லிம்லைன் கிட் (மெல்லிய பேனாவுக்கான உதிரிபாகத் தொகுப்பு) போதும். நன்கு காய்ந்த கட்டையை ஒவ்வொரு குழாயையும்விட 3 மி.மீ. நீளமாக அறுத்து, 7 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். அவசரப்பட்டால் சூட்டில் கட்டை வெடிக்கும். அடிக்கடி பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள்.

குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி பசை பூசி, சுழற்றியபடியே கட்டையின் துளைக்குள் நுழையுங்கள். சூப்பர் குளூவும் ஒட்டும். ஆனால் பாதி வழியில் பிடித்துக்கொண்டால் கட்டை குப்பைக்குத்தான். பசை காய்ந்ததும் கட்டையின் முனைகளைப் பித்தளை பளிச்சென்று தெரியும்வரை சமமாகச் சீவுங்கள்.

புஷ்ஷிங்குகளோடு (இறுதித் தடிமனைக் காட்டும் உலோக வளையங்கள்) கட்டைகளை மாண்ட்ரலில் (அவற்றை லேத்தில் தாங்கும் கம்பி) கோர்த்த பிறகு பலரும் சறுக்குவது டெயில்ஸ்டாக்கில், அதாவது மாண்ட்ரலின் மறுமுனையைத் தாங்கும் லேத் பகுதியில். அதிகம் இறுக்கினால் மாண்ட்ரல் வளையும்; பேனா ஒருபக்கம் தடித்து நிற்கும். விரல் இறுக்கமே போதும். கூரான கௌஜால் (குழிவான உளி) கடைந்து, புஷ்ஷிங் மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, மீதியை 150 முதல் 600 வரையான கிரிட் (சொரசொரப்பு எண்) உப்புத்தாளிடம் விடுங்கள். ஃபேஸ் ஷீல்டு கட்டாயம்.