துளசியைச் சுருட்டும் புழு: மருந்தடிக்காமல் சமாளிக்கும் வழி

துளசிக்குப் பூச்சியே வராது என்று நம்புகிறவர்கள், மழை விட்ட பிறகு மதுரையில் எங்கள் மாடிக்கு வந்து பார்க்கலாம். நுனி இலைகள் நீளவாக்கில் மடிந்து ஒட்டிக் கிடக்கும். புதினாவிலும் இதே கதைதான். அத்தனையும் சின்ன அந்துப்பூச்சி ஒன்றின் புழு செய்கிற வேலை. ஆர்பனோஸ்டிக்மா அப்ரப்டாலிஸ் என்று பெயர். பழைய வேளாண் புத்தகங்களில் சிங்கேமியா அப்ரப்டாலிஸ் என்று இருக்கும்.

மடிந்த இலை ஒன்றை மெதுவாகப் பிரியுங்கள். வெள்ளை நூலாம்படை இழுபடும், மிளகுத்தூள் போலக் கறுப்பு எச்சம் உதிரும். உள்ளே இலையின் பச்சையோடு பச்சையாகப் புழு. தொட்டதும் பின்பக்கமாக நெளிந்து, நூல் விட்டுக் கீழே இறங்கிவிடும். அதனால் பிரிக்கும்போதே இடது கையை அடியில் ஏந்திக்கொள்ளுங்கள்.

நூலும் இல்லை, புழுவும் இல்லை, ஆனால் இலை சுருண்டு காய்கிறது, அடியில் கரும்புள்ளிகள் தெரிகின்றன என்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சி. சாறு உறிஞ்சுகிற அதற்கு வைத்தியம் வேறு.

புழுதான் என்று தெரிந்தால் விரலே போதும். மடிந்த இலைகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். செடியடியிலோ உரக்குழியிலோ போட்டால் கூட்டுப்புழு பிழைத்து அந்துப்பூச்சியாகப் பறந்துவிடும். விளக்கு வைத்த பிறகு துளசியைத் தொட என் மாமியார் விடமாட்டார், அதனால் எனக்கு இது காலை வேலை. செடியை லேசாகத் தட்டினால் இலையடியில் ஒண்டியிருக்கும் அந்துப்பூச்சி கிளம்பிப் பக்கத்துச் செடியில் உட்காரும். அடுத்து அந்தச் செடியையும் பாருங்கள். புதினா மொத்தமாகச் சுருண்டிருந்தால் யோசிக்காமல் மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டிவிடுங்கள். வேரிலிருந்து தழைத்து வரும்.

பிரித்த சுருளில் புழு அசையாமல் கிடந்து, பக்கத்திலேயே குட்டி வெள்ளைக் கூடுகள் இருந்தால் அந்த இலையைக் கிள்ளவே வேண்டாம். அவை புழுவைத் தின்று வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். உங்கள் வேலையை அது செய்து தருகிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு புழுவை மட்டும் துளசிக் கொத்தோடு கண்ணாடி பாட்டிலில் விட்டு, வாயை மெல்லிய வேட்டித் துணியால் கட்டி வையுங்கள். தினமும் இலை மாற்றி எச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். சுருளுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, விரல்நகம் அளவில் பழுப்பு இறக்கையோடு வெளியே வரும். அதை ஒருமுறை பார்த்த பிள்ளை, பிறகு தானாகவே மாடிக்குப் போய்ச் செடியைச் சோதிக்கும்.

கடையில் தருகிற பூச்சிமருந்தைத் துளசியில் அடிக்கவே அடிக்காதீர்கள். பச்சையாக வாயில் போடுகிற இலை, சளிக்குக் குழந்தைக்குக் கொடுக்கிற இலை அது. கிள்ளியும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்கிறது. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். துணியில் வடிகட்டி, துளி காதி சோப் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். சுருளுக்குள் மருந்து இறங்காது, ஆகவே மடிந்ததையெல்லாம் கிள்ளிய பிறகே தெளிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிற புதுத் தளிரைப் பறியுங்கள். தெளித்த இலை கசக்கும்.