ஓதம் ஏறிய கல்லறைச் சுதையையும் வண்ணத்தையும் காப்பது எப்படி?

சுதை வேலைப்பாடும் வண்ணமும் கொண்ட பழைய கல்லறைச் சின்னத்தில் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், தென்பட்டால், மேற்பரப்பில் கை வைப்பதற்கு முன் நீர் வரும் வழியைக் கண்டறியுங்கள். கறை தரையிலிருந்து ஏறி ஒரு மட்டத்தில் நின்றால் அது நிலத்தின் ஈரம். மேலிருந்து கோடாக இறங்கினால் கூரையோ மழைநீர்க் குழாயோ ஒழுகுகிறது. குளிர்ந்த கல்லில் முத்து முத்தாக வியர்த்தால் காற்றின் ஈரமே காரணம். வெளிச்சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண்ணை அகற்றி, அடைபட்ட வடிகாலைத் திறந்துவிட்டாலே பல இடங்களில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

உண்மையில் சுதையைப் பெயர்ப்பது நீரைவிட, அதில் கரைந்து வரும் உப்புதான். நீர் ஆவியாகும்போது உப்பு மேற்பரப்பில் பூத்தால், வண்ணம் உறுதியாக இருக்கும் இடத்தில் மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்துவிடலாம். வண்ணத்துக்கு அடியில் படிகமானால் அது வண்ணத்தைச் செதில் செதிலாக உந்தித் தள்ளும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைக் கடந்தால் தானே நீரை இழுத்துக் கரையும், குறைந்தால் மீண்டும் இறுகும். ஆகவே ஹீட்டர் வைத்து அவசரமாக உலர்த்துவது, ஈரத்தை அப்படியே விடுவதைவிட மோசமான காரியம். எகிப்தில் நெஃபர்தாரி அரசியின் கல்லறையில் ஓவியச் சுதையைச் சிதைத்ததும் இந்த உப்பே. 1986 முதல் 1992 வரை நடந்த பாதுகாப்புப் பணியில் தளர்ந்த சுதையை ஒட்டவைத்தார்களே தவிர, அழிந்த இடங்களில் புதிதாகத் தீட்டவில்லை.

சிமென்ட் பூச்சு கூடவே கூடாது. அது ஈரத்தை வெளியேறவிடாமல் அடைத்து, பக்கத்திலுள்ள பழைய சுதைக்குள் திருப்பிவிடுவதோடு, தன் பங்குக்கு உப்பையும் சேர்க்கும். பழுதான இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். ஜிப்சம் கலந்த சுதையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஜிப்சம் லிட்டர் நீருக்குச் சுமார் 2 கிராம் கரையக்கூடியது என்பதால், நுண்ணிய விளிம்புகள் துணியோடு போய்விடும்.

டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், எழும்பிய செதில்களின் நிழல் தெளிவாகத் தெரியும். விரல் நுனியால் மெல்லத் தட்டும்போது பொள்ளலான ஓசை வரும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உப்பை இழுக்கக் காகிதக்கூழ்ப் பற்று இடுவதையும், செதில்களை ஒட்டுவதையும் பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பதில் பயிற்சி பெற்ற வல்லுநரிடமே விட்டுவிட வேண்டும். அவர் வரும்வரை, உதிர்ந்த துண்டுகளைப் பெருக்கித் தள்ளாமல், விழுந்த இடத்தையும் நாளையும் எழுதிய உறைகளில் தனித்தனியே எடுத்து வையுங்கள்.