சேனல் மாறாத வால்வு ஆம்ப்: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

"அண்ணே, சேனல் மாற மாட்டேங்குது" என்று யாராவது கிட்டார் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: "மாறவே மாட்டேங்குதா, இல்ல மாறியும் சத்தம் வரலையா?" பாதிப் பேர் முழிப்பார்கள். ரெண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றில்லை. முதலாவது, சுவிட்ச் வேலை செய்யும் வழியில் கோளாறு. இரண்டாவது, சத்தம் போகும் வழியில் கோளாறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு தடவை நானே மூன்று புது வால்வு வாங்கி மாட்டினேன். கடைசியில் பழுது ஃபுட்சுவிட்ச் (காலால் மிதித்துச் சேனலை மாற்றும் பெட்டி) வயரில் இருந்தது. (ட்யூப் என்று நீங்கள் சொல்வதைத்தான் நான் வால்வு என்கிறேன். தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் இருந்த அதே சாமான்.)

இரண்டு சேனல் ஆம்பில் கிளீனுக்கு (தெளிவான சத்தம்) ஒரு பாதை, டிரைவுக்கு (கரகரப்பான சத்தம்) ஒரு பாதை. காலால் மிதிப்பது சத்தத்தை நேரடியாகத் திருப்புவதில்லை. சாதாரண ஃபுட்சுவிட்ச் செய்வதெல்லாம் பிளக்கின் நுனியை, அதாவது டிப்பை, எர்த்தோடு சேர்ப்பதும் பிரிப்பதும்தான். அதற்குத் தக்கபடி உள்ளே ஒரு ரிலே, அதாவது கரண்ட்டால் இயங்கும் குட்டி சுவிட்ச், 'டக்' என்று தட்டிப் பாதையை மாற்றும். சில ஆம்பில் ரிலேக்குப் பதிலாக எல்டிஆர் ஆப்டோகப்ளரோ (வெளிச்சத்தால் வேலை செய்வது) ஃபெட்டோ (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இருக்கும். அவை சத்தம் போடாது. ஆகவே 'டக்' கேட்கவில்லை என்பதற்காக ரிலே போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதல் வேலை: ஃபுட்சுவிட்சைக் கழற்றுங்கள்

ஃபுட்சுவிட்சைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பட்டனால் சேனலை மாற்றிப் பாருங்கள். மாறினால் நிம்மதி, ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, மூடியைத் திறக்க வேண்டியதில்லை. இங்கே ஒரு விஷயம்: சில ஆம்பில் முன்பக்கப் பட்டன் டிரைவில் இருந்தால்தான் ஃபுட்சுவிட்ச் வேலை செய்யும். சிலவற்றில் ஃபுட்சுவிட்சைச் சொருகியதும் முன்பக்கப் பட்டன் செத்துவிடும். இரண்டுமே பழுதில்லை, அமைப்பே அப்படித்தான்.

ஃபுட்சுவிட்சும் வயரும்

மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் இடத்தில் வைத்து, பிளக்கின் டிப்பில் ஒரு முனை, அடிப்பகுதியான ஸ்லீவில் ஒரு முனை. ஒரு மிதிக்கு பீப் வர வேண்டும், காலை எடுத்தாலும் நிற்கக் கூடாது. அடுத்த மிதிக்கு நிற்க வேண்டும். அப்படியே பிளக் பக்கத்தில் வயரை வளைத்து ஆட்டிப் பாருங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அங்கேதான் உள்கம்பி அறுந்திருக்கிறது.

சர்ச் பேண்ட் பையன்களிடம் அடிக்கடி பார்ப்பது, ஃபுட்சுவிட்ச் தொலைந்ததும் கீபோர்டின் சஸ்டெயின் பெடலை எடுத்துச் சொருகிவிடுவார்கள். பிளக் அழகாக உள்ளே போகும். ஆனால் அது மிதித்திருக்கும் வரைதான் தொடும், காலை எடுத்தால் விட்டுவிடும். பாட்டு முடியும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, இரண்டு பட்டன் ஃபுட்சுவிட்சுக்கு ஸ்டீரியோ வயர் வேண்டும். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். ஒற்றை வளையமுள்ள கிட்டார் வயரைப் போட்டால் இரண்டாவது பட்டனின் இணைப்பு நிரந்தரமாக எர்த்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பட்டன் ரிவெர்புக்கு (எதிரொலி எஃபெக்ட்) என்றால், ரிவெர்ப் ஒரே நிலையில் நிற்கும், மிதித்தாலும் மாறாது.

ஃபுட்சுவிட்சில் சந்தேகம் தீரவில்லையா? ஒற்றைப் பட்டன் ஆம்ப் என்றால், ஒரு கிட்டார் வயரை ஃபுட்சுவிட்ச் ஜாக்கில் சொருகி, மறுமுனையில் டிப்பையும் ஸ்லீவையும் ஒரு சாவியால் தொட்டு விடுங்கள். தொட்டதும் சேனல் மாறினால் ஆம்ப் சரி. மிடி வகை (டிஜிட்டல் சிக்னல் அனுப்பும்) ஃபுட்சுவிட்ச் உள்ள ஆம்பில் இதைச் செய்ய வேண்டாம்.

வீட்டில் ஓடும், மேடையில் ஓடாது

மேலூர் பக்கம் ஒரு பங்குனித் திருவிழா மேடை. இரண்டாவது பாட்டில் டிரைவிலிருந்து கிளீனுக்கு மாறியது, அப்புறம் திரும்பவே இல்லை. பிளக் போர்டில் மீட்டரை வைத்தேன்: 168 வோல்ட். ஜெனரேட்டர்க்காரரிடம் சொன்னதற்கு, "சீரியல் லைட்டு மொத்தமும் என் தலையிலதான் ஓடுது, நீங்க வேற!" என்றார்.

கணக்கு எளிது. 230 வோல்ட்டுக்கு 12 வோல்ட் தரும் ரிலே சப்ளை, வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாவிட்டால், 168க்கு 9 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். 12 வோல்ட் ரிலே இழுக்கப் பொதுவாக 9 வோல்ட் அளவுக்காவது தேவை. ஆனால் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ரிலே அதைவிடக் குறைந்த வோல்ட்டிலும் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் விட்டதை மறுபடி இழுக்கவில்லை. மறுநாள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இப்படி வந்தால் ஆம்பைத் திட்டாமல் பிளக் போர்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பாருங்கள்.

லைட் மாறுகிறது, சத்தம் மட்டும் இல்லை

எல்இடி நிறம் மாறி, ரிலேயும் தட்டி, ஒரு சேனல் மட்டும் ஊமையாகவோ மெலிந்தோ இருந்தால் ப்ரீஆம்ப் வால்வைப் (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன வால்வு) பாருங்கள். பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 இருக்கும். ஒரே குப்பிக்குள் இரண்டு ட்ரையோடு, அதாவது இரண்டு தனித்தனிப் பெருக்கிகள், ஆளுக்கொரு வேலை. ஒரு பாதி செத்து மறுபாதி உயிரோடிருந்தால் ஒரு சேனல் மட்டும் போகும். ஆம்பை அணைத்து, சூடு ஆறியதும் இரண்டு 12ஏஎக்ஸ்7ஐ இடம் மாற்றுங்கள். கோளாறும் இடம் மாறினால் வால்வுதான். பெரிய பவர் வால்வுகளை இப்படி மாற்றாதீர்கள், அதற்கு பயாஸ் (வால்வில் சும்மா ஓடும் கரண்ட்டின் அளவு) பார்க்க வேண்டும்.

மூடியைத் திறந்தால்

இங்கே விளையாட்டு கிடையாது. உள்ளே 300 முதல் 500 வோல்ட் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர் போட்டு, முதலில் ஒன்றைச் சேஸிஸில் (ஆம்பின் உலோகச் சட்டம்) மாட்டுங்கள். பிறகு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றொன்றைக் கண்டென்சரின் பிளஸ்ஸில் பத்து விநாடி வையுங்கள். ஒவ்வொரு கண்டென்சருக்கும் இதையே செய்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்தபிறகுதான் கை. இதைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

ரிலே சப்ளைப் பகுதியில் வெள்ளைச் செங்கல் மாதிரி 5 வாட் ரெசிஸ்டர் இருந்தால் முதலில் அதன் கால்களைப் பாருங்கள். சூட்டில் விரிந்து சுருங்கி, காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை மாதிரி வட்டமான விரிசல் விழுந்திருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். நான் பார்த்த ஆம்ப்களில் பல இதோடு சரியாகிவிட்டன.

ரிலே 'கிர்ர்' என்று துடித்தால் அந்தச் சப்ளையின் கண்டென்சர் காய்ந்திருக்கலாம். ரிலேயின் காயிலை ஓமில் அளந்தால் சில நூறு ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. மீட்டரின் இரண்டு முனைகளையும் மாற்றி வைத்தாலும் பூஜ்யத்தையொட்டி நின்றால், குறுக்கே இருக்கும் டயோடு ஷார்ட்.

ரிலே மாற்ற வேண்டுமென்றால் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் உதிரிக் கடையில் கேட்கலாம். '12 வோல்ட் ரிலே' என்று மட்டும் கேட்டால் ஸ்டெபிலைசருக்குப் போடும் ஐந்து கால் நீலப் பெட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆம்பில் பெரும்பாலும் இருப்பது எட்டுக் கால் சின்ன ரிலே. கழற்றியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், கால் இடைவெளியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.